எஸ்டபிள்யூஆர் நல்லாத்தான் இருக்கு, ஆனா யாருக்கும் கேட்கலையா?

வணக்கம் தம்பி. சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீடு, பின்னால் 20 அடி இடம், ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசையில் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.2 காட்டியும் யாரும் பதில் தரவில்லை, வேறு ஆண்டெனா வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம்.

அந்த 1.2-ஐ நம்பாதீர்கள். தரையில் நிற்கும் கால் அலை ஆண்டெனா (உயரம் அலைநீளத்தில் கால் பங்கு) சுமார் 36 ஓம், கேபிளுக்கு வேண்டியது 50. மண்ணில் வீணாகும் 14 ஓம் அதோடு சேர்ந்தால் மீட்டர் அழகாக 50 காட்டும், உங்கள் பவரில் கால் பங்குக்கு மேல் மண்புழுவுக்குப் போகும். உங்களுடையது டிராப் (நடுவில் வைக்கும் சுருள்) வைத்த குட்டை ஆண்டெனா, இழப்பு இன்னும் அதிகம்.

இப்போதிருக்கும் நாலு ரேடியல் (ஆண்டெனாவின் அடியிலிருந்து தரையில் பரப்பும் கம்பி) பத்தாது. 5 மீட்டரில் 16 கம்பி வெட்டி, அடியிலிருந்து விசிறி மாதிரி புல்லுக்குள் பரப்புங்கள். தரையில் கிடப்பதால் அளவு துல்லியமாக இருக்கத் தேவையில்லை. பழைய வயரிங் கம்பியே போதும், புல் வெட்டும் மெஷினில் சிக்காமல் ஆணி அடியுங்கள் (எனக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டது). அப்புறம் எஸ்டபிள்யூஆர் கொஞ்சம் ஏறினால் பயப்படாதீர்கள், மண்ணில் வீணாவது குறைந்ததற்கு அது நல்ல சகுனம்.

தகரக் கூரைக்கு ஒட்டி நட்டிருந்தால் தள்ளி வையுங்கள். மத்தியானம் வானம் கறுத்தால், இடி உருமும் முன்பே கேபிளைக் கழற்றுங்கள்.