மொபைலில் ஈமெயிலுக்கே டேட்டா நிறையப் போகிறது, குறைக்க வழி உண்டா?

"இன்னும் பெரிய பேக் போடுங்க" என்று சொல்கிறவர்கள் வீட்டில் ஃபைபர் லைன் வைத்திருப்பவர்கள். நீங்கள் வெளியில் அலைந்து வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் கொடுக்கும் சர்வேயர். தேனி, கம்பம், குமுளி பக்கம்தான் சுற்று. அன்றைய ஒன்றரை ஜிபி தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டால் என் பிழைப்பு அதோடு நின்றுவிடும்.

மெயிலில் எழுத்துக்கு எடையே கிடையாது, பக்கம் பக்கமாக எழுதினாலும் சில கேபிதான். தின்பதெல்லாம் படமும் அட்டாச்மென்டும். அதிலும் எல்லாரும் வருகிற மெயிலையே குறை சொல்கிறார்கள். அனுப்புகிற மெயிலும் அதே கணக்கில்தான் கழியும். ஒரு போட்டோ 4 எம்பி, ஒரு வண்டிக்குப் பத்துப் பதினைந்து போட்டோ. போதாததற்கு, ஐமேப் முறையில் (மெயில் ஆப்பை ஆபீஸ் சர்வரோடு இணைக்கும் ஒரு வழி) ஆபீஸ் மெயில் போட்டிருந்தால் ஃபைலை பேஸ்64 எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பும். அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மலைப்பாதையில் சிக்னல் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

அதனால் 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கித்தான் அனுப்புகிறேன். ஒரு படம் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும், டென்ட், ஸ்க்ராட்ச் எல்லாம் தெளிவாகவே தெரியும். சேசிஸ் நம்பர் போட்டோ மட்டும் முழு அளவில். "சுருக்கினால் ஆதாரம் போச்சே" என்று யாராவது கமென்ட் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஒரிஜினல் போனிலேயே இருக்கிறது, கேட்டால் வைஃபை கிடைக்கும் இடத்திலிருந்து அனுப்பிக்கொள்ளலாம்.

நாம் இவ்வளவு பார்த்துப் பார்த்து அனுப்பினால், கம்பெனியிலிருந்து "நோட்டட்" என்று ஒரு வார்த்தை பதில் வரும். அதன் கீழே லோகோ, விருது வாங்கிய படம், "பிரிண்ட் எடுக்காதீர்கள், மரத்தைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரு பச்சைப் படம். டேட்டாவுக்குக் காசு கேட்டால் பயணப்படியிலேயே அடக்கமாம். அந்தப் பயணப்படியோ, பெட்ரோல் விற்ற பழைய விலைக்குப் போட்டது. டயர் தேய்மானத்தை யார் கேட்கிறார்கள்? சரி, அது வேறு கதை.

இனி வருகிற மெயிலுக்கு: ஜிமெயிலில் செட்டிங்ஸ், உங்கள் கணக்கு, அதில் 'இமேஜஸ்' போய், கேட்டுவிட்டுப் படம் காட்டும்படி மாற்றுங்கள். விளம்பர மெயில்களின் பாதித் தீனி அங்கேயே நிற்கும். ஆண்ட்ராய்டில் அதே இடத்தில் எத்தனை நாள் மெயிலை இறக்க வேண்டும் என்பதையும் குறைக்கலாம். ஐபோனின் மெயில் ஆப்பில் புஷ்ஷை (மெயில் வந்ததும் தானாக இறங்குவது) நிறுத்தி, 'ஃபெட்ச்' பகுதியில் மேனுவல் வையுங்கள், நீங்கள் ஆப்பைத் திறந்தால்தான் இறங்கும். படம் சேர்த்து அனுப்பும்போது எந்த அளவில் என்று அதுவே கேட்கும், ஆண்ட்ராய்டு ஜிமெயில் கேட்காது.

ஆனால் இதெல்லாம் செய்யும் முன் போன் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் திறந்து, எந்த ஆப் எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். மெயிலைத் திட்டிக்கொண்டிருப்போம், பின்னால் போட்டோ பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் அதை வைஃபையில் மட்டும் ஓடும்படி வைத்துவிடுங்கள், மெயிலைத் தொடவே வேண்டாம்.