ரெண்டுங்கெட்டான் மாதங்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் இரண்டு துறைகளை ஒன்றாக்குகிறார்கள். யாருக்கு எந்தப் பொறுப்பு என்று முடிவாக ஆறு மாதம் ஆகுமாம். அதற்குள் வதந்தி தாங்கவில்லை. மனிதர்களின் வழக்கங்களை ஆராயும் மானிடவியல் இதில் என்ன செய்துவிடும்?

பதில்: வதந்தியை அடக்காது, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று காட்டும். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு ஆளைக் கடத்தும் சடங்குகளை, 1909-இல் வான் ஜெனெப் என்ற ஆய்வாளர் மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: பிரிதல், இடைநிலை, சேர்தல். நடுக்கட்டத்தைப் பிறகு மானிடவியலாளர் விக்டர் டர்னர் விரிவாக ஆராய்ந்தார். தமிழில் அதற்கு ரெண்டுங்கெட்டான் என்று நல்ல பெயரே இருக்கிறது. சடங்கில் அந்தக் கட்டம் எப்போது முடியும் என்பது தெரியும். கூட நின்று நடத்த மூத்தவர்களும் இருப்பார்கள். அலுவலகத்தில் பெரும்பாலும் இரண்டும் கிடையாது.

எனவே, பழைய அமைப்பு எந்தத் தேதியோடு முடிகிறது என்று முதலில் அறிவியுங்கள். பழைய மென்பொருளையும் புதியதையும் 'கொஞ்ச நாள்' சேர்த்து ஓட்டினால், பழையதில் வேலையை முடித்துவிட்டு மாலையில் புதியதைக் கடமைக்கு நிரப்புவார்கள். அடுத்து, இடைக்காலத்துக்கென்றே ஒரு பக்க விதி: விடுப்புக்குக் கையெழுத்து யார், செலவுக்கு ஒப்புதல் யார், புகார் வந்தால் யார். அடுத்த அறிவிப்பு வரும் நாளையும் குறித்துவிடுங்கள். சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு வந்து 'இன்னும் முடிவாகவில்லை' என்று சொல்லியாக வேண்டும்.

பாப்புவா நியூ கினியின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி கவனித்த ஒன்று இங்கே உதவும். பாதுகாப்பான காயலில் மீன் பிடிக்க மந்திரம் கிடையாது; ஆபத்தான திறந்த கடலுக்குத்தான் விரிவான மந்திரச் சடங்கு. உங்கள் அலுவலகத்தில் யார் கோப்புகளைத் தனியாகப் பிரதியெடுத்து வைக்கிறார்கள், எந்த மின்னஞ்சல் தேவையில்லாமல் பத்துப் பேருக்கு நகல் போகிறது என்று பாருங்கள். இவைதான் அலுவலகத்தின் மந்திரங்கள்; பயம் அந்த இடத்தில்தான் இருக்கும்.

கேள்வி: புதிய முறை பற்றிக் கருத்துக்கணிப்பு எடுத்தோம். 'நன்று' என்றே எல்லாரும் எழுதினார்கள். வேலையோ இழுக்கிறது. ஏன்?

பதில்: சொல்வது வேறு, செய்வது வேறு. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஹாதார்ன் ஆலையில் 1931-32-இல் கம்பி இணைக்கும் பிரிவின் 14 பேரை ஓர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். ஆய்வை வகுக்க உதவிய லாயிட் வார்னர் மானிடவியலாளர். கூடுதலாகச் செய்தால் கூடுதல் கூலி. இருந்தும் அவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் அளவு வைத்திருந்தார்கள். மீறியவருக்குத் தோளில் ஒரு குத்து விழும். அளவு கூடினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆட்களையும் குறைப்பார்கள் என்ற பயம். எந்தப் படிவத்திலும் இதை எழுதமாட்டார்கள்.

ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு வாரம், நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் வேளை மாற வேண்டும்: வேலை தொடங்கும்போது, ஷிப்ட் மாறும்போது, மாதக் கணக்கு முடிக்கும் நாளில். நோட்டுப் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும். வலப்பக்கம் நம் ஊகம். 'மூன்று பேர் படிவத்தை அச்சடித்துக் கையால் நிரப்பினார்கள்' என்பது இடது. 'திரையை நம்பவில்லையோ?' என்பது வலது. இரண்டையும் கலப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அன்று மாலையே விரித்து எழுதாவிட்டால் மறுநாள் ஊகம் மட்டும்தான் மிஞ்சும்.

பிறகு கேளுங்கள். 'ஏன் புதிய முறை பிடிக்கவில்லை?' என்று அல்ல. 'கடைசியாக வந்த படிவத்தை எப்படி முடித்தீர்கள், காட்டுங்கள்' என்று. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டிய எண் அடுத்த துறையிலிருந்து மதியம்தான் வருகிறது, கட்டம் காலியாக இருந்தால் திரை சேமிக்கவிடாது, அதனால்தான் தாள் என்று தெரியவரலாம். மேலிடம் இதற்கு 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று பெயர் வைத்திருக்கும்!

கேள்வி: தலைவரான நானே உட்கார்ந்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்காக நடத்திக் காட்டும் வேலையைத்தான் பார்ப்பீர்கள். சம்பளத்திலோ பதவியிலோ கை இல்லாத ஒருவரை அனுப்புங்கள். எதற்காக வருகிறார், குறிப்பை யார் படிப்பார்கள் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லுங்கள். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. ஐந்து பேர் உள்ள பிரிவில் 'இரவு ஷிப்ட் மூத்தவர்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். உங்களுக்குத் தொகுத்த அறிக்கை மட்டும் வரட்டும். நோட்டு அவரிடமே இருக்கட்டும்.