ஏ.சி. போட்டால் வெறும் காற்றுதான் வருகிறதா?

கே: காரில் ஏ.சி. போட்டால் காற்று நன்றாக வருகிறது, குளிர்ச்சிதான் துளியும் இல்லை. போன வருடமும் இப்படித்தான் ஆனது. கேஸ் ஏற்றினேன், சில மாதம் ஓடியது. மறுபடி கேஸ் ஏற்றிவிடலாமா?

ப: அவசரப்படாதீர்கள். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ், சீல் வழியாகப் பல வருடத்தில் கொஞ்சம் கசிவது இயல்பு. சில மாதத்திலேயே காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஆனால் குளிர்ச்சி இல்லாததற்குக் கேஸ்தான் காரணமா என்பதை முதலில் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யை முழுக் குளிர்ச்சியில் வைத்து, பானெட்டைத் திறங்கள். கையும் துணியும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக்கூடாது. ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுற்றத் தொடங்கும். கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் புல்லியை பெல்ட் எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கவனிக்க வேண்டியது அதன் முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டை. ஏ.சி. போட்டதும் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டு அதுவும் சேர்ந்து சுற்ற வேண்டும். (கிளட்ச் இல்லாத கம்ப்ரசரும் சில கார்களில் உண்டு. அதில் இந்தச் சோதனை பலிக்காது, ஸ்கேனரும், பிரஷர் அளக்கும் கேஜும் வேண்டும்.)

தட்டு சுற்றவில்லையா? ஃப்யூஸைப் பாருங்கள். ரிலேயை (கிளட்சுக்குக் கரன்ட் விடும் சின்ன சுவிட்ச்) கழற்றி, பக்கத்தில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடுத்து, தட்டைக் காந்தமாக இழுக்கும் கிளட்ச் காயிலின் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் காயில் எரிந்திருக்கலாம். நல்ல காயில் பொதுவாக 3 முதல் 5 ஓம் காட்டும். காயில் சரியாக இருந்தால் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கவும். அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய அது தேய்ந்து அகலமானால், காலையில் ஒட்டும், இன்ஜின் சூடானதும் விட்டுவிடும்.

வோல்ட்டே வரவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச் தடுத்திருக்க வாய்ப்பு அதிகம். கேஸ் குறைந்தால் சப்ளையைத் துண்டிப்பதுதான் அதன் வேலை, ஏனென்றால் கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு கலந்துதான் பயணிக்கிறது. சுவிட்சை ஒயர் போட்டு நேரடியாக இணைத்து ஓட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஆயில் இல்லாமல் ஓடிய கம்ப்ரசர் ஜாம் ஆகி, உலோகத் துகளைக் கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) வரை அனுப்பிவிடும். சின்ன வேலை பெரிய செலவாவது இங்கேதான்.

தட்டு சுற்றியும் குளிரவில்லை என்றால் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: இன்ஜின் நின்றிருக்கும்போது காட்டும் பிரஷர் கேஸின் அளவைச் சொல்லாது. பல கார்களில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் 30 டிகிரி வெப்பத்தில் கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே போதும், பாதி காலியானாலும் அதே எண்தான். ஓடும்போது காட்டும் எண்களே பேசும். அதே வெப்பத்தில் லோ பக்கம் (கம்ப்ரசருக்குள் போகும் குழாய்) 30–40, ஹை பக்கம் (அதிலிருந்து வெளியே வரும் குழாய்) 180–220 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் நல்லது. இரண்டுமே குறைவு என்றால் கேஸ் குறைவு. லோ கூடி ஹை குறைந்தால் கம்ப்ரசர் வலுவிழந்துவிட்டது. லோ பக்க முள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் (திரவத்தைக் கூலிங் காயிலுக்குள் அளந்து விடும் வால்வு) அல்லது டிரையரில் (ஈரத்தை உறிஞ்சும் டப்பா) அடைப்பு.

உங்கள் விஷயத்தில் ஓட்டைதான் என் சந்தேகம். கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசிந்து, தூசி ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருக்கும். கண்டென்சரின் முன்பக்கம், குழாய் இணைப்புகளின் ஓ-ரிங், கம்ப்ரசரின் முன் சீல், கேஸ் ஏற்றும் வால்வின் ஊசி ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைப்பார்கள். சரிசெய்த பின் குறைந்தது அரைமணி நேரம் வாக்குவம் இழுத்து (குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சி), பம்பை நிறுத்தி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பானெட் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ, அத்தனையைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். ‘குத்துமதிப்பாக’ ஏற்றுகிற இடம் வேண்டாம்.

கே: ஓடும்போது ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் நின்றால் வெந்நீர் ஆவி மாதிரி காற்று. ஏன்?

ப: கண்டென்சரின் சூடு வெளியேறவில்லை. வண்டி ஓடும்போது எதிர்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது, நிற்கும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும். ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். நின்ற இடத்திலேயே கண்டென்சர் மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். உடனே குளிர்ச்சி திரும்பினால் கோளாறு ஃபேனிலோ, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைந்த தூசியிலோதான். கழுவும்போது அழுத்தமான ஜெட் அடிக்காதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கே: முதல் அரைமணி நேரம் நன்றாகக் குளிர்கிறது. அப்புறம் ப்ளோயர் சத்தம் மட்டும் கேட்கிறது, காற்றே வருவதில்லை.

ப: டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டிவிட்டது. ஏ.சி.யை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று திரும்பி, வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டினால் சந்தேகமே இல்லை. முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றுங்கள். தூசியும் முடியும் அடைத்து அட்டை மாதிரி ஆகியிருக்கும். அது சுத்தமாக இருந்தால், காயிலில் செருகியிருக்கும் வெப்ப சென்சாரைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் முக்கி மீட்டர் வையுங்கள். குளிரக் குளிர ஓம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாற்றுங்கள்.

கே: பானெட்டுக்குள் தடித்த ஏ.சி. குழாய் ஐஸ் மாதிரி வியர்க்கிறது. உள்ளே மட்டும் சூடான காற்று வருகிறது.

ப: ஏ.சி.யில் பழுது இல்லை. ஹீட்டர் பக்கத்தை மூட வேண்டிய தடுப்புக் கதவு திறந்தபடி நிற்கிறது. டேஷ்போர்டுக்குள் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் அந்தக் கதவின் மோட்டாரில் பல் உடைந்திருக்கும்.

கே: சொன்ன அளவைவிட நூறு கிராம் கூட ஏற்றினால் இன்னும் குளிருமா?

ப: குறையும். கண்டென்சரில் திரவம் தேங்கி, ஹை பிரஷர் எகிறி, கம்ப்ரசர் அடிக்கடி நின்றுவிடும்.