முதியோர் கல்விக்கு வர்ற நிதி நின்னா நிஜமாவே என்ன பாதிப்பு? தன்னார்வலர்களை வெச்சே நடத்திட முடியாதா?

நீங்க கேட்டிருக்கிற விதத்த பாத்தா காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கோ போட்டித் தேர்வுக்கோ தயார் பண்றீங்கன்னு தோணுது, தப்பா இருந்தா மன்னிச்சுடுங்க. நான் பெரிய படிப்பு படிச்சவ இல்ல. ஆனா 2012-லேர்ந்து 2018 மார்ச் வரைக்கும் வட தமிழ்நாட்டுல ஒரு ஊராட்சியில 'கற்கும் பாரதம்'ங்கிற மத்திய அரசோட முதியோர் எழுத்தறிவுத் திட்டத்துல ஊக்குநரா இருந்தேன், டெல்லியிலேர்ந்து வர்ற பேப்பர்ல பிரேரக்னு போட்டிருக்கும். "தன்னார்வலர்களை வெச்சே நடத்திட முடியாதா"ங்கிற உங்க ரெண்டாவது வரியத்தான் என்னால சும்மா படிச்சுட்டுப் போக முடியல.

ஏன்னா அப்பவும் சொல்லிக்குடுத்தது தன்னார்வலர்தாங்க. அவங்களுக்கு ஒரு பைசா கிடையாது. சுமார் 10 பேருக்கு ஒரு தன்னார்வலர்னு கணக்கு, ஊர்ல பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்க, வீட்ல இருக்கிற மருமகளுங்க, இவங்கதான் வந்து எழுத்து சொல்லிக் குடுத்தாங்க. திட்டம் 2009 செப்டம்பர் 8-ல ஆரம்பிச்சது, 2001 சென்செஸ்படி பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாத மாவட்டங்களாப் பாத்துத்தான் முதல்ல எடுத்தாங்க. ஊராட்சிக்கு ஒரு மையம், ரெண்டு ஊக்குநர், மாசம் 2000 ரூபாய் மதிப்பூதியம். அந்த 2000 பாடம் நடத்துறதுக்கு இல்ல. கூப்பிடப் போறதுக்கு.

இத வெளியில இருக்கிறவங்களுக்குப் புரிய வெக்கிறது கஷ்டம். ஏழு மணிக்கு கிளாஸ்னா ஆறு மணிக்கே நான் தெருவுல இறங்கணும். நூறு நாள் வேலைக்கும் களை வெட்டவும் போயிட்டு வந்து, தண்ணி புடிச்சு, உலை வெச்சுட்டு உக்காந்திருக்கிற அக்காகிட்ட போய் நோட்டு எங்கன்னு கேக்கணும். வீட்டுக்காரர் மொறைப்பாரு, அவர்கிட்ட ரெண்டு வார்த்தை நல்லபடியா பேசணும். மாமியார் "இந்த வயசுல என்ன கலெக்டர் ஆகப் போறாளா"ம்பாங்க, அவங்களையும் சேத்துக் கூட்டிட்டு வரணும். தன்னார்வலர் பொண்ணுக்கு கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிட்டா அடுத்த வாரத்துக்குள்ள இன்னொரு பொண்ணப் புடிக்கணும், தேர்வு அன்னிக்கு ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரையும் ஸ்கூல்ல உக்கார வெக்கணும், படிக்க 50 எழுத 50 கணக்குக்கு 50ன்னு 150 மார்க்கு அது. இதயெல்லாம் தன்னார்வலர் பாத்துக்குவாங்கன்னு நினைக்கிறீங்களா? ஒரு மாசம் பாப்பாங்க. ஆறு வருஷம் பாக்க மாட்டாங்க, அது அவங்க தப்பும் இல்ல.

எங்க மையத்துக்கு ஒரு ஆயா வந்தாங்க, அறுபதத் தொட்ட வயசு. அவங்க பேர்ல கடைசி எழுத்து 'லை'. நமக்கெல்லாம் அது ஒரு விஷயமே இல்ல, ஆனா அவங்க காதுல முதல்ல விழுறது 'ல'தானே, அதனால 'ல' போட்டுட்டு அப்புறம் அந்தக் கொம்பு எங்க போடுறதுன்னு முழிப்பாங்க, முன்னாடி எடம் இருக்காது, பின்னாடி போட்டுடுவாங்க. எத்தன தடவை சொல்லியும் வரல. கடைசில அவங்களாவே ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, கடைசி எழுத்துக்கு முன்னாடி ஒரு விரல வெச்சு எடம் விட்டுட்டு 'ல' எழுதிட்டு, விரல எடுத்துட்டு அந்த எடத்துல கொம்பப் போட்டாங்க. அன்னிக்கு ஒரு பக்கம் முழுக்க அந்தப் பேரையே எழுதினாங்க. பேங்க்ல கைநாட்டா இருந்தத கையெழுத்தா மாத்தினோம், கூடப் போனது நான்தான்.

2018 மார்ச் 31-ஓட திட்டம் முடிஞ்சுது. பீரோ சாவிய ஊராட்சி ஆபீஸ்ல குடுத்தேன். தன்னார்வலர் ரெண்டு பேரு நாங்க தொடர்ந்து நடத்துறோம்னு சொன்னாங்க, மனசார சொன்னாங்க, ஆடி மாசம் வரைக்கும் நடந்துது. நானும் தையல் வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டேன், வீட்டுக்கு வர்றப்பவே எட்டு ஆயிடும்.

மூணு வருஷம் கழிச்சு அதே பேங்க்ல ஆயாவப் பாத்தேன். பணம் எடுக்கற சீட்டுல கையெழுத்துப் போட்டிருக்காங்க, கொம்பு பின்னாடி போயிருச்சு, முன்னாடி எழுத்தும் வேற மாதிரி இருக்கு, கையெழுத்து ஒத்துப்போகலன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. ஆயா என்னப் பாத்து "எழுதி எழுதிப் பாக்க ஆளில்ல கண்ணு, விட்டுப் போச்சு"ன்னாங்க. நிதி நின்னா என்ன பாதிப்புன்னு கேட்டீங்க இல்ல, எனக்குத் தெரிஞ்ச பாதிப்பு இதுதான். புதுசா கத்துக்க முடியாமப் போறது ஒரு பக்கம், கத்துக்கிட்டது கையவிட்டுப் போறது இன்னொரு பக்கம். வயசானவங்களுக்கு எழுத்து கையில நிக்கணும்னா வாரத்துல நாலு நாளாவது பென்சில் புடிக்கணும்.

இத சொல்றப்ப இன்னொன்னும் சொல்லிடறேன், உங்க கேள்விக்கு சம்பந்தம் இல்லாட்டியும் பரவாயில்ல. பேங்க்ல பழைய புடவை கட்டிட்டு ஒரு பொம்பள வந்து நின்னா கையெழுத்துப் போடுவீங்களான்னு ஒரு வார்த்தை கேக்காம மை டப்பாவ நகத்தி வெக்கிறாங்க பாருங்க, அத நான் எத்தனையோ தடவை பாத்துட்டேன். கேட்டா லைன் நிக்குதும்மாங்கறாங்க. பத்து செகண்ட் ஆகுமா அவங்க பேர எழுத? ஆறு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து கத்துக்கிட்டவங்க முன்னாடி அந்த டப்பாவ வெக்கிறது எவ்ளோ பெரிய அவமானம்னு ஒருத்தருக்கும் உறைக்கல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். சிலர் வந்து 2000 ரூபாய் போச்சுன்னு புலம்புறான்னு எழுதுவீங்க. அந்தக் காசு மாசாமாசம் ஒழுங்கா வந்ததே இல்லங்க, மூணு நாலு மாசம் சேத்துத்தான் வரும், பஸ்ஸுக்கும் சாக்பீஸுக்கும் கைக்காசு போட்டுத்தான் ஓட்டினோம். சில எடத்துல மையம் பேப்பர்ல மட்டும்தான் நடந்துச்சுன்னும் சொல்வீங்க, அப்படியும் நடந்துச்சு, நான் மறுக்கல. அதுக்கு அந்த எடத்தத்தான் புடிச்சுக் கேட்டிருக்கணும், மொத்தமா மூடினா நடந்த எடமும் சேந்துதான் போச்சு. நான் எந்தக் கட்சிக்காகவும் பேசல, கட்சி மாறினாலும் இது மாறல.

அடிப்படையில ஒரு விஷயம் பாருங்க. 6 வயசுலேர்ந்து 14 வயசு வரைக்கும் படிப்பு சட்டப்படி உரிமை, எந்த அரசு வந்தாலும் இந்த வருஷம் ஸ்கூல் கிடையாதுன்னு சொல்ல முடியாது. பெரியவங்களுக்கு அந்த மாதிரி சட்டம் இல்ல, திட்டம் மட்டும்தான், தேதி வந்தா முடிஞ்சுடும். அடுத்து 2020-21-ல தமிழ்நாட்டுல 'கற்போம் எழுதுவோம்'னு ஒன்னு வந்துச்சு. 2022-ல 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' வந்துச்சு, அஞ்சு வருஷத்துக்கு மத்திய அரசு 700 கோடி, மாநிலங்கள் 337.90 கோடி, ஆக 1037.90 கோடி, இலக்கு நாடு முழுக்க 5 கோடி பேர். வகுத்துப் பாருங்க, ஒருத்தருக்கு அஞ்சு வருஷத்துக்கும் சேத்து 207 ரூபாய் சொச்சம் வருது. அதுல புத்தகம், பயிற்சி, தேர்வு எல்லாம் அடங்கணும். தன்னார்வலருக்கு சம்பளம் இல்ல. இப்ப சொல்லிக்குடுக்கிறவங்கள நான் குறை சொல்லல, எங்க தெருவுலயே ஒரு பொண்ணு ரொம்ப நல்லா நடத்துறா. ஆனா அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சுப் போயிட்டா அடுத்த ஆளத் தேடுறது யாரோட வேலை?

ப்ராஜெக்ட்டுக்குத்தான் கேக்கறீங்கன்னா ஏதாவது ஒரு ஊராட்சிக்குப் போய் பழைய மையத்தோட சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. எங்க ஊர்ல அந்த ரூம்ல இப்ப பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கியிருக்காங்க. வருகை நோட்டு ஆறு வருஷத்துதும் என்கிட்டதான் இருக்கு, பேர் இல்லாம எந்த மாசம் எத்தன பேர் வந்தாங்கங்கிற கணக்கு மட்டும் வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, உக்காந்து எழுதித் தர்றேன்.