ஜேசான் பதிலிலிருந்து வெப்பநிலையை மட்டும் எடுக்க

ஊர்களின் வெப்பநிலை ஜேசானாக (நிரல்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) வருகிறது, பைத்தானில் டேட்டா['டெம்ப்'] என்று எடுத்தால் டைப்எரர் (தவறான வகை என்னும் பிழை) வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதை டேட்டா[0]['டெம்ப்'] என்று மாற்றுங்கள், வெப்பநிலை வந்துவிடும்.

நீங்கள் ஒட்டியிருக்கும் பதிலின் முதல் எழுத்தைப் பாருங்கள்: சதுர அடைப்புக்குறி. அப்படியென்றால் பைத்தானுக்கு அது டிக்‌ஷனரி (பெயர் சொல்லி மதிப்பை எடுக்கும் தொகுப்பு) அல்ல, லிஸ்ட் (வரிசைப் பட்டியல்). லிஸ்டிடம் பெயர் சொல்லிக் கேட்டால் தராது. எண் சொல்லித்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு வந்த டைப்எரர் சொல்வதும் இதைத்தான். தொடக்கத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது, மிரள வேண்டாம்.

இன்னும் வரவில்லையா? பிரின்ட்(டைப்(டேட்டா)) போட்டுப் பாருங்கள். 'எஸ்டிஆர்' (வெறும் எழுத்துச் சரம்) என்று காட்டினால், வந்த பதிலை .டெக்ஸ்ட் போட்டு எழுத்தாகவே எடுத்திருக்கிறீர்கள், அதற்குப் பதிலாக .ஜேசான்() வேண்டும்.

ஒன்று கவனம்: [0] முதல் ஊரை மட்டுமே தரும். எல்லா ஊரும் வேண்டுமென்றால் ஃபார் லூப் (ஒவ்வொன்றாக எடுக்கும் சுழற்சி) போடுங்கள். அப்புறம், லிஸ்ட் காலியாக வந்தால் [0] இண்டெக்ஸ்எரர் (அந்த இடத்தில் எதுவும் இல்லை என்னும் பிழை) கொடுக்கும். அதனால் முதலில் லென்(டேட்டா) போட்டு எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.