எட்டாம் இடமும் எட்டாத இடமும்

கேள்வி: என் கணவரின் அண்ணனையும் தம்பியையும் மூன்று வருட இடைவெளியில் கட்டுவிரியன் கடித்தது. ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் பிழைத்துக்கொண்டார். மலைக்கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி போய்விட்டார். "அவன் ஜாதகத்தில் எட்டாம் இடம் கெட்டுக் கிடந்தது, ஆயுசு அவ்வளவுதான்" என்று என் மாமனார் சொல்லிச் சொல்லி அழுகிறார். ஆயுள் பாவத்தில் உங்களுக்கு நம்பிக்கை உண்டா?
(ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள் அம்மா, அவர் ஒரே ஓர் எழுத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார். எட்டாம் இடம் என்கிறார். அது எட்டாத இடம்.

ராசிபலன் போடச் சொல்லி வரும் கடிதங்களோடு எனக்கு இருபது வருடச் சண்டை என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஒதுக்கினால் விற்பனை கூடும் என்று போன வாரம்கூட ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கி வராததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எட்டில் சனி இருந்தால் தீர்க்காயுசு என்பார்கள். சரி, இருக்கட்டும். அந்தச் சனி கேரளத்துக் குழந்தைக்கும் மத்தியப் பிரதேசத்துக் குழந்தைக்கும் ஒரே வேகத்தில்தானே சுற்றுகிறது? 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பிறந்த 1,000 குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தவை கேரளத்தில் 6, மத்தியப் பிரதேசத்தில் 43. எந்தக் கிரகம் இப்படி மாநில எல்லை பார்த்துப் பிள்ளைகளைக் கொண்டுபோகிறது?

பாம்புக்கடியும் அப்படித்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருடத்துக்கு 58,000. அதில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கிராமத்துச் சாவு. பாதிக்குப் பாதி 30லிருந்து 69 வயதுக்குள், அதாவது வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள். நூற்றுக்கு எழுபது சாவு எட்டே மாநிலங்களில்: பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், குஜராத், தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திரம். உலகத்தின் கொடிய பாம்புகளில் பல ஆஸ்திரேலியாவில்தான் இருக்கின்றன. அங்கே வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் சாகிறார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் அத்தை இப்படித்தான் போனார். மழைக்காலம். திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில், "கண்ணைத் திறக்க முடியலடி" என்றார். இமை இரண்டும் தொங்கிவிட்டன. பேச்சு குழறியது, எச்சில் கடைவாயில் வழிந்தது. வண்டி கட்டி ஆற்றங்கரை போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கை கால் முழுக்கத் தேடியும் கடிவாய் தெரியவில்லை. பாயைச் சுருட்டும்போதுதான் அது வெளியே ஊர்ந்து வந்தது. கட்டுவிரியனின் பல் அவ்வளவு சிறியது, தூக்கத்தில் கடித்தால் பலருக்கு வலிப்பதுகூட இல்லை.

ஊரில் இன்றுவரைக்கும் அத்தை "பூச்சி பட்டுச்" செத்ததாகத்தான் பேச்சு. இந்தப் "பூச்சி" என்ற சொல்லோடும் எனக்குத் தீராத வழக்கு உண்டு. ராத்திரியில் பேர் சொன்னால் வந்துவிடும் என்று பாம்பைப் பூச்சி என்கிறோம். அப்புறம் பிள்ளை நடுராத்திரியில் "என்னமோ பூச்சி கடிச்சிருச்சு" என்று எழுந்து அழுதால், சுண்ணாம்பைத் தடவித் தட்டிக் கொடுத்துத் தூங்கவைக்கிறோம். போகிற உயிரில் முதல் ஒரு மணி நேரம் அந்தச் சொல்லிலேயே போய்விடுகிறது. பாம்பை எந்நேரமும் பாம்பு என்றே சொல்லுங்கள். அது கூப்பிட்டு வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது.

கட்டுவிரியன் விஷம் மூச்சுத் தசைகளைச் செயலிழக்க வைக்கும். விஷமுறிவு மருந்து சீக்கிரம் ஏற வேண்டும். மூச்சு தானாகத் திரும்பும்வரை, மணிக்கணக்கோ நாள்கணக்கோ, ஒரு இயந்திரமாவது கையால் அமுக்கும் காற்றுப்பையாவது மூச்சுக் கொடுக்க வேண்டும். ஓசூரிலிருந்த உங்கள் மூத்தவருக்கு இது எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த தம்பிக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது தூரம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து இங்கே பெரும்பாலும் பொடியாகத்தான் வருகிறது. குளிர்பெட்டி இல்லாமலே வருடக்கணக்கில் தாங்கும். மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். கடித்தது கட்டுவிரியன் இல்லை, கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ என்றால், ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆய்வகமும் வேண்டியதில்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் அப்போதைக்கு நிம்மதி, மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடினால் உடனே மருந்து. கரண்டுகூட வேண்டாத சோதனை இது.

பிறகு ஏன் சாகிறார்கள்? மருந்து சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும், ரத்த அழுத்தம் விழும். அட்ரினலின் ஊசியும் பழகிய கையும் பக்கத்தில் இருந்தால் சமாளித்துவிடலாம். இல்லையென்றால் பயம். அந்தப் பயத்தில் முதல் குப்பியைக்கூட உடைக்காமல் "மேல் சிகிச்சைக்கு" என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மலைக்காரர்கள் அந்த மேல் சிகிச்சைக்குக் கீழேதான் இறங்கி வர வேண்டும், அதுவும் டோலி கட்டி.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது. மிச்சத் தூரத்தைப் பெற்றவள் பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டே நடந்து கடந்தாள். அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குழந்தைக்கு யார் ஜாதகம் பார்ப்பது?

இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நம் ஊரிலிருந்துதான் போகிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978லிருந்து இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். மூன்று வாரத்தில் நான்கு முறை விஷம் எடுத்துவிட்டு, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. நம் இதழில் அதற்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கினோம். முழுப் பக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறும். நம் பக்கத்துப் பாம்புகளை வைத்துச் செய்த மருந்து, வங்காளத்திலும் வடகிழக்கிலும் இருக்கும் ஒற்றைக்கண் நாகத்துக்கும், ராஜஸ்தான் பாலைவனத்துச் சுருட்டைக்கும் அவ்வளவாகக் கேட்பதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அங்கே ஒருவன் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாலும், ஏறுகிற மருந்து அவன் ஊர்ப் பாம்புக்கானது இல்லை. அந்தந்தப் பகுதிக்கு அந்தந்தப் பகுதி விஷத்தில் மருந்து செய்தே ஆக வேண்டும்.

உங்கள் மாமனார் அழுது முடிக்கட்டும். அதுவரை ஜாதகத்தைப் பற்றி அவரோடு வாதாட வேண்டாம். இந்த மழைக்கு முன்னால் வீட்டில் எல்லாரும் கட்டிலில் படுங்கள், தரைதான் என்றால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். ராத்திரி வெளியே போக டார்ச் லைட். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவிடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கும் ஓர் உதவி வேண்டும். உங்கள் மைத்துனர் கிராமத்துக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, ராத்திரியில் அதை ஏற்ற ஆள் இருக்கிறாரா, கிராமத்திலிருந்து அங்கே போக எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டு எழுதுங்கள். மற்ற மலையூர் வாசகர்களும் எழுதலாம். ராசிபலனுக்குக் கேட்கிறார்களே ஒரு பக்கம், அதில் ஊர் ஊராகப் போடுகிறேன்.