நகையை வைத்து டிப்ளமோவா, ஹெவி லைசென்ஸா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. பையனுக்குப் பத்தொன்பதரை வயது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவன். கார் லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. திருச்சியில் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் 'ஏர்போர்ட், லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ' என்று ஓராண்டுப் படிப்புக்கு இரண்டரை லட்சம் கேட்கிறது. முடித்தால் 25,000 சம்பளம் உறுதியாம். இவரோ ஹெவி லைசென்ஸ் எடுத்து லாரிக்குப் போகட்டும் என்கிறார். என் நகையை வைத்து ஒரு லட்சமும், மீதியை மூணு வட்டிக்கும் வாங்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் 10,000 முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: அம்மா, முதலில் அந்த மூணு வட்டியைப் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500. பையன் படிக்கிற அந்த ஓராண்டில், அவன் ஒரு ரூபாய் சம்பாதிப்பதற்கு முன்பே 54,000 போய்விடும். அசல் அப்படியே நிற்கும். என் அக்கா மகனுக்கு இதே மாதிரி ஒரு படிப்புக்குக் கடன் வாங்கினோம். படிப்பு ஒரு வருடம், வட்டி நாலு வருடம். அதனால் இந்த வழி வேண்டவே வேண்டாம்.

சரி, மொத்தத்தையும் வங்கியிலேயே வாங்கினால்? 11 சதவீதத்தில் ஐந்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்றால் மாதத் தவணை 5,400-ஐத் தாண்டும். 25,000 சம்பளத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் பயிற்சி நிறுவனம் சொல்லும் சம்பளத்தை வைத்து நான் கணக்குப் போடுவதில்லை. முதல் வேலை 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் ஏறக்குறைய 13,000 வரும். சென்னையில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் 8,000 என்றாலும் மிஞ்சுவது 5,000. தவணைக்கே 400 குறைகிறது. அந்தக் குறையை வீட்டிலிருந்துதான் அனுப்ப வேண்டியிருக்கும். உங்களுக்கோ கையில் காசு வருவது சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பிறகுதான். குறுவை கிடைத்தால் இன்னொரு முறை. வருமானம் ஆண்டுக்கு இரண்டு தடவை வர, தவணை பன்னிரண்டு தடவை வந்து நிற்கும். நம் பக்கத்தில் பல வீடுகள் வட்டிக்கடைக்குப் போவது இந்த இடைவெளியில்தான். சம்பளம் எவ்வளவு என்பதைவிட, செலவு போக மிஞ்சுவதில் தவணை அடங்குமா என்று பாருங்கள்.

அப்பா சொல்வதும் நல்ல வழிதான், கொஞ்சம் பொறுக்க வேண்டும். சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது முடிய வேண்டும். ஹெவிக்கான பழகுநர் உரிமம் எடுக்கவே இலகுரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு இரண்டுமே இன்னும் சில மாதங்களில் நிறைவாகும். 20 முடிந்துவிட்டால் மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிகளை இப்போதுள்ள லைசென்ஸிலேயே ஓட்டலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. அதாவது, ஹெவிக்குச் செலவு செய்யும் முன்பே மினி லாரியில் சம்பாதிக்க வழி இருக்கிறது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். அரசு ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு. பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 உதவித்தொகை உண்டு. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 தனி. இன்ஜின் தெரிந்த டிரைவருக்கு நெல் அறுவடை இயந்திரத்திலும் வேலை இருக்கிறது, பட்டறையிலும் இருக்கிறது. முதுகு வலித்து ஸ்டியரிங்கை விட நேர்ந்தாலும் கைத்தொழில் கூட வரும்.

இன்னும் கொஞ்சம் தள்ளி யோசித்தால் அரசு பஸ். 2025-இல் போக்குவரத்துக் கழகங்கள் அறிவித்த 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணியிடங்களில் 756 கும்பகோணம் கழகத்துக்கு. அதற்கு 24 வயது, ஹெவி லைசென்ஸ், 18 மாத அனுபவம், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று எல்லாம் கேட்டார்கள். இப்போதே தொடங்கினால் அந்த வயதில் எல்லாம் கையில் இருக்கும். வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

பையனுக்கு ஏர்போர்ட் மேல்தான் ஆசை என்றால் அதையும் தட்டிவிட வேண்டாம். நேரில் போய், சான்றிதழ் எந்த அரசு அமைப்பின் அங்கீகாரம் பெற்றது, போன வருடம் முடித்தவர்களின் நியமனக் கடிதங்கள் எங்கே, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள். படித்து முடித்த இரண்டு பேரிடம், அந்த நிறுவனத்து ஆள் பக்கத்தில் இல்லாமல் பேசுங்கள். அங்கீகாரம் இருந்தால் வங்கியில் திறன் பயிற்சிக் கடன் கேட்கலாம். 2024-இல் அதன் உச்சவரம்பை ஒன்றரை லட்சத்திலிருந்து ஏழரை லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். வங்கியே அந்தப் படிப்புக்குக் கடன் தர மறுத்தால், அந்த மறுப்பையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 10,000-ஐ வெள்ளிக்கிழமை கட்ட வேண்டாம். நல்ல படிப்பு என்றால் அடுத்த மாதமும் இடம் இருக்கும். நகை பீரோவிலேயே இருக்கட்டும். பையனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்குப் போய், டீசல் மெக்கானிக் பிரிவு அங்கே இருக்கிறதா, சேர்க்கை எப்போது என்று விசாரித்து வாருங்கள்.